மகள் வந்திருந்தார்

"இது உன் கையெழுத்துதானே?"

தலைமை நர்ஸ் கேஸ் ஷீட்டை மேசைமேல் போட்டாள். எதிரே நின்ற நர்ஸ் தலையை மட்டும் ஆட்டினாள். வார்டில் அவளுக்கு 'ஊமைக்கோட்டான்' என்றே பெயர். முகமூடிக்குப் பின்னால் வாய் என்று ஒன்று இருக்கிறதா என்றே பலருக்குச் சந்தேகம்.

"படி."

"மகள் வந்திருந்தார். நோயாளி உறங்கியதால் எழுப்பவில்லை."

"ஒரு நாள் இல்ல, தினமும் இதையே எழுதி வெச்சிருக்கே. வாசல்ல காவலாளியைக் கேட்டேன். அந்த ஜன்னலோரக் கட்டிலுக்கு ஈ காக்கா வரலையாம். யாரும்மா அந்த மகள்?"

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! தலைமை நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஷிப்ட் மாறும்போது ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் நின்னு, இவங்களுக்கு இப்படின்னு வாயால சொல்லி ஒப்படைக்கணும். மத்த கட்டில்ல எல்லாம் ஏதோ முணுமுணுக்கிறே. அந்தம்மா கட்டில் வந்ததும் ஷீட்டை அடுத்தவ கையில திணிச்சிட்டுப் பின்னால போய் ஒளிஞ்சுக்கறே. எழுதறதுக்கு மட்டும் கை நீளுது!"

"ஒவ்வொரு ஷிப்டுக்கும் அவங்க காதுபட, 'பார்க்க யாரும் வரல'ன்னு படிச்சிட்டிருந்தோம் சிஸ்டர்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கேட்டதும் அவங்க முகம் செத்துப்போயிடும். அதான் இப்படி எழுதினேன்."

தலைமை நர்ஸ் கொஞ்சம் இறங்கி வந்தாள். அவளும் பார்த்திருக்கிறாள். பார்வையாளர் நேரத்தில் மற்ற கட்டில்களைச் சுற்றி உறவுகள் மொய்க்க, அந்தம்மா மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். 'என் முகத்துல முழிக்காதேன்னு பெத்த பொண்ணை நான்தான் துரத்தினேன்' என்று ஒருமுறை சொல்லி அழுதிருக்கிறாள். ஆளில்லாத வீட்டுக்குப் போய்த் தனக்குத்தானே பேசிக்கொள்கிற தலைமை நர்ஸுக்கு அந்த அழுகை நன்றாகவே புரிந்தது.

"பாவம்தான். அதுக்காகப் பொய் எழுதுவியா? டாக்டர் இதைப் படிச்சிட்டு, 'மகள்தான் தினம் வர்றாங்களே, சாயங்காலம் அவங்ககிட்ட ஒப்படைச்சு வீட்டுக்கு அனுப்பிடுங்க'ன்னு சொல்லிட்டார். தனியா எழுந்து நிக்கக்கூட முடியாத மனுஷி. நான் யார் கையில ஒப்படைப்பேன்? விஷயம் மேலே போனா உன் வேலையும் போயிடும், தெரியுமில்ல?"

நர்ஸ் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுது என்ன ஆகப்போகுது? வா என்கூட. மகள்னு யாரும் வரலைன்னு உன் வாயாலயே அந்தம்மாகிட்ட சொல்லு."

மகளோடு வீட்டுக்குப் போகப்போகிறேன் என்று காலையிலேயே ஆயாவை நச்சரித்துத் தலைவாரிக்கொண்டிருந்தாள் அந்தம்மா. இப்போது கண்ணை மூடிப் படுத்திருந்தாள். ஒரு துணிப்பை கால்மாட்டில் தயாராக இருந்தது. அதைப் பார்த்ததும் தலைமை நர்ஸே ஒரு கணம் தயங்கினாள். இருந்தாலும் 'ம், சொல்லு' என்று ஜாடை காட்டினாள்.

நர்ஸ் கட்டிலருகே போய் அசையாமல் நின்றாள். பிறகு மெல்ல முகமூடியைக் கழற்றினாள்.

"அம்மா... நான்தாம்மா. உன் பொண்ணு."

அந்தம்மா கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டித் துழாவி, அவள் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்டி. கண்ணைத் திறந்தா எழுந்து போயிடுவியோன்னுதான், நீ பக்கத்துல வந்து உட்கார்ற போதெல்லாம் தூங்கற மாதிரியே கிடந்தேன்."