குதிரையிலிருந்து விழுந்த தங்கை

"இந்த அறையில இருக்கறது நாலே பேர். நான், என் மக லெட்டிஷியா, என் தங்கச்சி ஹானோரா, அப்புறம் நீங்க. பேச்சு இந்த நாலு பேரைத் தாண்டக் கூடாது, மிஸஸ் பிளண்டல்," என்றார் கர்னல் விட்கோம்.

மேட்டின் மேலிருந்த மனநோயாளர் விடுதியில், பெண்கள் பகுதியின் பார்வையாளர் அறை அது. ஜன்னலோரம் ஹானோரா கனத்த சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னல் வேலையில் இருந்தாள்.

திருமதி பிளண்டல் மாப்பிள்ளையின் தாய். இந்தச் சம்பந்தம் கைநழுவினால் லெட்டிஷியாவுக்கு இன்னொரு வரன் அமைவது கஷ்டம். விட்கோம் குடும்பத்தின் பெயரும் தேவாலய வாசலில் அடிபடும்.

"ஊர்ல கேள்விப்பட்டேன். நீங்களே கூட்டிட்டு வந்து காட்டினது பெரிய மனசு. ரத்தத்துல வர்ற நோயா?"

"இல்ல. குதிரைலேர்ந்து விழுந்துட்டா."

"நல்ல ஜாதிக் குதிரையா?"

"எங்க லாயத்துக் குதிரை."

திருமதி பிளண்டலுக்கு அது திருப்தியாக இருந்தது. எழுந்துபோய் ஜன்னலின் கண்ணாடிச் சட்டத்தை மேலே தூக்கினாள். கொஞ்சம் ஏறி நின்றுவிட்டது.

"அஞ்சு விரக்கடைக்கு மேல திறக்காது," என்றாள் ஹானோரா. "பாத்தா மரச்சட்டம் மாதிரி இருக்கும். இரும்பு. போன மாசந்தான் வெள்ளை அடிக்கச் சொன்னேன்."

கர்னல் இருமினார். "எல்லாரையும் வேலை வாங்கறதா நெனப்பு அவளுக்கு."

"பாவம்," என்றாள் திருமதி பிளண்டல். "மதில் சுவரையே காணோமே, நோயாளிங்க ஓடிட மாட்டாங்களா?"

"பள்ளம் தோண்டி அதுக்குள்ள கட்டியிருக்காங்க," என்றார் கர்னல். " உள்ளேயிருந்து பாத்தா புல்வெளிதான் தெரியும். கிட்டப் போனாதான் மதில்."

"கௌரவமான ஏற்பாடு." அவள் மறுபடி உட்கார்ந்தாள். "நோய் யாருக்கும் வரும், கர்னல். அரண்மனையிலயே வந்திருக்கு. நான் பாக்கறது வேற. போன வருஷம் ஒரு நல்ல எடத்தையே வேண்டாம்னுட்டேன். அந்தப் பொண்ணோட அத்தை காசு வாங்கிட்டு பியானோ சொல்லிக்குடுக்கறாளாம். குடும்பத்துப் பொண்ணு கூலிக்குக் கை நீட்டலாமா?"

"நீட்டவே கூடாது," என்றார் கர்னல். ஏற்கெனவே நிமிர்ந்திருந்த முதுகு இன்னும் நிமிர்ந்தது.

லெட்டிஷியா தரைவிரிப்பைப் பார்த்தாள். ஹானோரா பின்னலில் ஒரு கண்ணியைத் தவறவிட்டு, மறுபடி எடுத்தாள்.

"அப்போ ஜூன் மாசமே கல்யாணத்த வெச்சுக்கலாம்," என்று திருமதி பிளண்டல் எழுந்தாள். லெட்டிஷியா குனிந்து ஹானோரா அத்தையின் கன்னத்தில் முத்தமிட்டாள். கொஞ்சம் நீளமான முத்தம். பணிப்பெண் ஒருத்தி வந்து திருமதி பிளண்டலையும் லெட்டிஷியாவையும் வண்டிக்கு அழைத்துப் போனாள். பின்னால் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. உட்பக்கம் கைப்பிடி கிடையாது.

கர்னல் தொப்பியை எடுத்தார். "தலையையாவது கொஞ்சம் கலைச்சு விட்டிருக்கலாம்."

"லெட்டிக்காக இவ்வளவுதான் முடியும், அண்ணா." ஹானோரா சால்வையைக் களைந்தாள். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவருக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

கர்னல் விட்கோமின் தங்கை குதிரையிலிருந்து விழுந்து புத்தி பேதலித்தவள் என்று அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. ஹானோரா குதிரை ஏறியதே இல்லை; அந்த விடுதியில் பெண்கள் பகுதிக்குத் தலைமைக் கண்காணிப்பாளராக இருந்து மாதாமாதம் சம்பளம் வாங்கினாள்.