றஸீனா வந்த வீடியோ

திரையில் கறுப்புப் பெட்டி மட்டும்தான் கிடந்தது. வீடியோவைக் காணோம்.

"இரிங்க, அவசரப்படாதீங்க. பிளேயர் பழசு, அதான். புதிசு இறக்குவம்" என்றான் நெட் கபே முனாப்.

சாலிஹ் தலையை ஆட்டினான். பக்கத்துக் கதிரையில் உசனார் காலுக்கு மேல் கால் போட்டபடி இருந்தார். உசனார் வேறு யாருமில்லை, சாலிஹின் மனைவி றஸீனாவின் கூடப்பிறந்த மூத்த காக்கா.

யுத்தத்தால் உன்னிச்சைப் பக்கத்து வயல் வட்டைக்குப் போக வழியில்லாமல் போனது. வயலில் காடு மண்டியது. அடுப்பெரிய வேண்டுமே என்று றஸீனா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அன்றிலிருந்து உசனார் சாலிஹின் முகம் பார்த்து ஒழுங்காய் ஒரு ஸலாம் சொன்னதில்லை. 'பொண்டாட்டியை அரபி வீட்டு அடுப்படிக்கு அனுப்பிப்போட்டுக் குந்தித் தின்னுறவன்' என்று காத்தான்குடிச் சந்தியில் நின்று சொன்னதும் அவன் காதுக்கு வந்திருந்தது.

அப்படிப்பட்டவரிடம் போய் முந்தாநாள் சாலிஹ் வாயை விட்டான். றஸீனாவின் சமையல் அந்த வீட்டு மேடத்துக்குப் பிடித்துப்போனதாம். வீடியோ எடுத்து இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார்களாம். அரபு நாடே பார்க்கிறதாம்! சொல்லும்போது அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

"அப்ப காட்டுங்களன் பாப்பம்" என்றார் உசனார். பிடித்த பிடியை விடவில்லை.

பிளேயர் பாதி இறங்கி நின்றது. முனாப் மறுபடி இறக்கினான். ஏறிக்கொண்டது. இப்போது கறுப்புப் பெட்டிக்குள் ஒரு வட்டம் சுற்றோ சுற்றென்று சுற்றியது.

ரிஃப்ரெஷ் அடித்தான். வேறொரு பிரவுசரில் திறந்து பார்த்தான். அங்கேயும் அதே வட்டம்.

சாலிஹ் நீளமாய் ஒரு மூச்சு விட்டான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண்ணை மூடி மனதுக்குள் துஆ கேட்டான். யா அல்லாஹ், என் மானத்தைக் காப்பாற்று.

உசனார் தொண்டையைச் செருமினார்.

முனாப் விடுகிற ஆளா? லைன் வேகம் காணாது என்று மற்ற கம்பியூட்டர்களில் இருந்தவர்களையெல்லாம் எழுப்பிவிட்டான். வீடியோவை நிறுத்திவைத்து, அடியில் சாம்பல் கோடு நிரம்பும்வரை காத்திருந்தான். எழுப்பிவிடப்பட்டவர்கள் போகாமல் கதிரைகளுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

கோடு நிரம்பியது. முனாப் அமுக்கினான்.

அட, ஓடியது!

அரபியில் ஒரு பெண்ணின் குரல். மேசையில் மாவு, இறைச்சி, இரண்டு கைகள். கைகள் மாவை வட்டமாய்த் தட்டின, இறைச்சியை வைத்து மடித்தன, ஓரத்தைச் சின்னச் சின்னதாய் முறுக்கி மூடின. கடைசிவரைக்கும் மணிக்கட்டுக்கு மேலே எதுவும் வரவில்லை. வீடியோ முடிந்தது.

பின்னால் யாரோ சிரித்தார்கள். "எங்க, ஆளைக் காணல்லயே?"

சாலிஹ் தரையைப் பார்த்தான்.

உசனார் எழும்பித் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"ஆளைக் காணல்லயா? முறுக்கினது இடக்கை, பாக்கல்லயா? சாப்பாட்டில இடக்கை வைக்காத எண்டு சின்னதில அந்தக் கைக்கு எத்தின அடி அடிச்சிருப்பன்! விட்டாளா அவள்? என்ட தங்கச்சிட கை அது. அரபு நாடே பாக்குது!"

பிறகு சாலிஹின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "இன்னொருக்காப் போடுங்க தம்பி. மச்சானும் நானும் வடிவாப் பாக்கணும்."

'கை மட்டும்தான் வருமாம், முகத்தைக் காட்டமாட்டாங்களாம்' என்று நேற்று றஸீனா போனில் சொன்னதைச் சாலிஹ் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. இவ்வளவு நேரமும் அந்த வீடியோ ஓடிவிடக் கூடாது என்றுதான் அவன் துஆ கேட்டுக்கொண்டிருந்தான்.

முனாப் முதலிலிருந்து போட்டான். வட்டம் மறுபடி சுற்றத் தொடங்கியது.

சாலிஹ் கண்ணை மூடி, இந்தமுறை ஓடவேண்டும் என்று கேட்டான்.