நாலரைக்குக் கடைசி பஸ்

நகர்மன்றக் கூடத்தின் மின்விசிறிக் காற்றில் சுவரிலுள்ள பஸ் வழித்தட வரைபடம் படபடக்கிறது. வாரம் இருமுறை கணவனை ரத்தச் சுத்திகரிப்புக்குத் தன் ஊர் பஸ்ஸில் கூட்டிவருகிறவள், ஊரே கையெழுத்திட்ட மனுவோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த பஸ்ஸை நிறுத்தி, நிதியை மேம்பாலத்துக்குத் திருப்பும் தீர்மானம் பதினோராவது. நாலாவதே ஜவ்வாய் இழுக்கிறது. கடிகாரத்தில் நாலேகால். அவள் எழுந்து எழுத்தரிடம் போகிறாள். "நாலரைக்குக் கடைசி பஸ்ஸுங்க. இதை வச்சுட்டுப் போகட்டுமா?" "நேர்ல நின்னு படிச்சாத்தாம்மா கணக்கு." இருந்தும் வைத்துவிட்டுப் போகிறாள். வெளியே பஸ் உறுமிக் கிளம்புகிறது. விளக்கு போட்ட பிறகுதான் பதினொன்று வருகிறது. "ஆட்சேபம் சொல்ல யாராச்சும் இருக்காங்களா?" தலைவர் காலி நாற்காலிகளைப் பார்க்கிறார். எழுத்தர் மனுவைப் பார்க்கிறார். தலைவர் சொல்கிறார்: "யாருமில்ல. நிறைவேறிடுச்சு."