வலப்பக்கத்துப் புல்

தர்ப்பைக் கட்டைப் பந்தல் வாசலில் இறக்கிவிட்டு, விறகெடுக்கத் திரும்பினாள் இராசமலர்.

நுனி முறியாத புல்லாக வேண்டும் என்று ஐயர் நேற்றே சொல்லியிருந்தார். வற்றிய குளத்தின் கரை முழுக்கத் தேடி ஒவ்வொன்றாக அறுத்ததில் விரலெல்லாம் கீறல்.

கார்த்திகை பிறந்தும் ஸ்கந்தபுரத்தில் ஒரு துளி இல்லை. விதைத்த வயல் வெடித்துக் கிடந்தது. இந்தக் கிழமையும் பெய்யாவிட்டால், குடியேறி வந்த சனம் மூட்டையைக் கட்டவேண்டியதுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஐயர் ஓமகுண்டத்துக்கு முன்னால் இருந்து கிரந்தப் புத்தகத்தை விரித்தார். மழை வேண்டிச் செய்யும் யாகத்துக்கு எசமானாக வீரகத்தியை இருத்தியிருந்தார்கள். குடியேற்றத்தில் முதற்காணி அவருடையது.

"பெண்சாதியைக் கூப்பிடும். அவ வலப்பக்கத்தில இருக்கவேணும். இல்லாட்டி நெருப்பு மூட்டேலாது."

வீரகத்தி சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அப்பிடி ஒருத்தரும் இல்லை, ஐயா."

பக்கத்துக் காணிக்கார மயில்வாகனம் இருமினார். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

விறகோடு வந்த இராசமலர் வாசலிலேயே நின்றாள். காடு வெட்டிய காலத்தில் கூலிக்கு வந்தவள். பந்தலுக்குள் அவளுக்கு வேலை இல்லை. விறகைச் சத்தமில்லாமல் இறக்கினாள்.

ஐயர் புத்தகத்தில் இரண்டு ஒற்றை தள்ளிப் பார்த்தார். வழி இருந்தது. துணை இல்லாதவனுக்குத் தர்ப்பையால் துணை செய்யலாமாம். கட்டிலிருந்து ஒரு பிடி உருவி, முடிந்து, குங்குமம் வைத்து, வீரகத்தியின் வலப்பக்கத்துப் பலகையில் இருத்தினார்.

மந்திரம் உச்சி வெயில் வரை போனது. ஒருவருக்கும் விளங்கவில்லை. நெய் ஊற்றும் போதெல்லாம் புல்லைத் தொடச் சொன்னார் ஐயர். வீரகத்தி தொட்டார்.

பின்னேரம் கிழக்கே கறுத்தது. பிறகு இறங்கியது. பெரிய மழையில்லை, பயிருக்குப் போதும்.

நனைந்துகொண்டு ஓடிவந்த வீரகத்தி குடிசைக்குள் குனிந்தார்.

"மலர், பெய்யுதடி! பயிர் தப்பீட்டுது!"

இராசமலர் எழும்பவில்லை. கூரை ஒழுகிய இடத்தில் கிடந்த கடைக்குட்டியைப் பாயோடு தன் பக்கம் இழுத்தாள். பிள்ளை தகப்பனைக் கண்டு கையை நீட்டியது.

"உங்கட பெண்சாதி பந்தலுக்க நனையிறா. போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ."