சொன்னது சொன்னபடி

பஞ்சு வாசித்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்த இவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

லேசுப்பட்ட எரிச்சல் இல்லை. காதில் புகை வருகிற எரிச்சல்.

பஞ்சு என்பது வகுப்பு வைத்த பெயர். குரல் அப்படி. சமூகப்பணிப் பட்டப்படிப்பில் சேர்ந்த இந்த இரண்டு வருஷத்தில் அவள் வாயைத் திறந்து பத்து வாக்கியம் பேசியிருந்தால் அதிகம். அவளிடம் போய் ஜனங்கள் மனசைக் கொட்டுகிறார்கள் என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இவளோ பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவள். களப்பணிக்கு இவள் போகிற முதியோர் இல்லத்தில், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த மறுநிமிஷமே எல்லோருக்கும் தூக்கம் வந்துவிடும். ஒரே ஒரு பெரியவர் மட்டும் வாரா வாரம் தவறாமல் பேசுவார். மணி என்ன என்று கேட்பார்.

வெள்ளிக்கிழமை என்றால் களப்பணிக் குறிப்பேடு வாசிக்கும் நாள். இரண்டே விதிகள். பேசியவரின் பெயரை எழுதக் கூடாது. அவர் சொன்னதைச் சொன்னபடியே, ஒரு சொல் மாற்றாமல் எழுதி வாசிக்க வேண்டும்.

இருப்பதிலேயே நல்ல குறிப்பேடு, துறையின் கண்ணாடி அலமாரிக்குப் போகும். அடுத்து வருகிற பிள்ளைகள் எல்லாம் அதைப் பார்த்துத்தான் படிப்பார்கள். அங்கே தன் குறிப்பேடு இருக்க வேண்டும் என்று இவளுக்கு முதல் நாளிலிருந்தே ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி. இன்று பேராசிரியை முடிவு சொல்லும் நாள்.

பஞ்சுவின் குறிப்பேட்டில் இருந்தவர் திருமதி அ. பஞ்சு களப்பணிக்குப் போகிற சுகாதார நிலையத்துக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வருகிறவர். முதல் மூன்று வாரம் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. இந்த வாரம் நாற்பது நிமிஷம் பேசிவிட்டாராம்.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு பையன் பிறந்தான். ஒன்பது நாள் இருந்தான். அதற்கப்புறம் வீட்டில் யாரும் அவனைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

“பேரு வெக்கிறதுக்குள்ள போயிட்டான். நான் மட்டும் மனசுக்குள்ள ஒண்ணு வெச்சிருக்கேன்” என்று வாசித்தாள் பஞ்சு. அந்தப் பெயரையும் அவளிடம் சொன்னாராம். விதிப்படி எழுதவில்லையாம்.

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடடா, என்ன கேஸ் இது! இவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இப்படி ஒரு அம்மா நமக்கு வாய்த்திருக்கக் கூடாதா? நமக்கென்று வந்து சேர்வது மணி கேட்கிற ஆள்தானா? அலமாரி கைவிட்டுப் போவது இவள் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது.

ஏதாவது கேள்வி உண்டா என்று பேராசிரியை கேட்டார். இவள் எழுந்துவிட்டாள். நல்ல குறிப்பேட்டில்கூட ஒரு ஓட்டை இல்லாமலா போகும்? அதைக் கண்டுபிடித்தே தீருவது என்று அரைமணி நேரமாகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாளே!

“அந்தம்மாவுக்கு வீட்டுல பேசுறதுக்கு ஆளே இல்லையா? அத நீ கேக்கவே இல்லையே?”

பஞ்சுவின் முகம் மாறிவிட்டது. “கேட்டேன். அடுத்த பக்கத்துல இருக்கு. அது வேணாமே.”

ஆகா, சிக்கினாள்! இனி இவள் விடுவாளா? சொன்னது சொன்னபடி வாசிப்பதுதானே விதி என்று பேராசிரியையைப் பார்த்தாள். அவரும் தலையாட்டினார்.

பஞ்சு பக்கத்தைப் புரட்டினாள். அந்தக் குரல் இன்னும் இறங்கிப்போயிருந்தது. வகுப்பே முன்னால் சாய்ந்து கேட்டது.

“பொண்ணு இருக்காம்மா. அவளும் ஒன் படிப்புதான், ஒன் வயசுதான். போன ஞாயித்துக்கெழம அவன் பொறந்த நாளு. அடுப்பு பக்கத்துல நின்னுக்கிட்டு அழுதுட்டேன். அவ பாத்துட்டா. சரி, சொல்லிடலாம்னுதான் அவ கையப் புடிச்சேன். ‘அழும்மா, அடக்காத, நல்லா அழு’ன்னுட்டு கைய உருவிக்கிட்டு ஓடுனா. தண்ணி எடுக்கப் போறான்னு நெனச்சேன். நோட்டு எடுத்துட்டு வந்தா. மொதல்ல தேதி போட்டா. எனக்கு அழுகையே நின்னுபோச்சு.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பேராசிரியையாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. யாரம்மா அந்தப் புண்ணியவதி, நம் கல்லூரியாக இருக்கக் கூடாது என்றார்.

பஞ்சு சிரிக்கவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. குறிப்பேட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இவளுக்கு உட்காரத் தோன்றவில்லை.

“நின்னுக்கிட்டுதானே இருக்க, அடுத்தது நீயே வாசிம்மா” என்றார் பேராசிரியை.

இவளுடைய குறிப்பேடு மேசைமேல் திறந்தே கிடந்தது. மேலே ஞாயிற்றுக்கிழமைத் தேதி, இரண்டு முறை அடிக்கோடிட்டு. அதற்குக் கீழே, தன் அழகான கையெழுத்தில் இவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

‘பெண், வயது நாற்பத்தேழு. ஐந்து நிமிடம் அழுதார். காரணம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.’