கவுன்சிலர் வீட்டு அழைப்பு மணி

முன்னறையில் பதினாலு நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. பக்கத்து மேசையில் பதினாலு தேநீர்க் கோப்பைகளும் ஒரு தட்டு நிறைய எலுமிச்சை கேக்கும் காத்திருந்தன.

"இத்தனை பேரும் வாசல் வரைக்கும் வந்து, பெல்லை அழுத்திப் பாத்துட்டுத் திரும்பிப் போறாங்க. ஆறு வாரமா இதே கூத்து," என்றார் ஹிலரி. "உங்க வேலை லட்சணம் இதுதான், ட்ரெவர்."

எலக்ட்ரீஷியன் ட்ரெவர் கருவிப்பெட்டியைக் கீழே வைத்தார். ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முட்டியிலும் வலி, சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. இந்த நேரத்தில் இங்கிலாந்தின் கென்ட் பக்கத்து எலக்ட்ரீஷியன் எவனும் போர்வைக்கு வெளியே கால் நீட்ட மாட்டான்.

ஹிலரியின் கணவர் ரோலண்ட் அந்தச் சிற்றூரின் கவுன்சிலர். சனிக்கிழமைதோறும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை தம் வீட்டிலேயே மக்கள் குறை கேட்பார் என்று அச்சடித்து வீடு வீடாகப் போட்டிருந்தார்கள். அந்தத் தாளில் கவுன்சிலர் முகம் முக்கால் பக்கம். குறைகளுக்கு இரண்டு வரி.

அதற்காகவே வாசலில் கேமரா வைத்த அழைப்பு மணியை, சுவருக்குள் ஒயர் இழுத்து மாட்டினார்கள். முதல் சனிக்கிழமை ஹிலரி தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். பதினாலு பேர் வந்தார்கள் என்று ரோலண்ட் போனில் சொன்னார். ஹிலரி திரும்பிய வாரத்திலிருந்து சனிக்கிழமையானால் மணி ஊமையாகிவிடுகிறது.

வரும் செவ்வாய்க்கிழமை, அடுத்த மேயர் யாரென்று முடிவு செய்யக் கட்சிக்காரர்கள் கூடுகிறார்கள். எங்கள் வாசலில் நிற்கும் கூட்டத்தை வீடியோவிலேயே காட்டுகிறேன் என்று ஹிலரி அவர்களிடம் சொல்லி வைத்துவிட்டார். முதல் வாரத்துப் பதிவோ முப்பது நாள் கழிந்ததும் தானாக அழிந்துபோயிருந்தது. மிச்சமிருப்பது இன்று ஒருநாள்தான். இன்றும் மணி அடிக்காவிட்டால் ஊர்க்காரர்களின் இணையப் பக்கத்தில் ட்ரெவரின் பெயரைப் போட்டே எழுதப்போவதாக ஹிலரி அறிவித்தார். எழுதினால், அதன்பின் அந்த ஊரில் ஒரு பல்பு மாட்டக்கூட ட்ரெவரை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பழுது பார்க்க ட்ரெவர் முதல் தடவை வந்தபோது, மணிக்கு எட்டு வோல்ட் மட்டும் கொடுத்த பழைய டிரான்ஸ்பார்மரை மாற்றினார். இரண்டாம் தடவை, பொத்தானுக்குப் பின்னால் பச்சைக் களிம்பு பிடித்திருந்த ஒயரை வெட்டிப் புதிதாக இணைத்தார். இரண்டுமே வாரநாட்கள். இரண்டு நாளும் மணி குயிலாகக் கூவியது.

"வந்தவங்க கதவைத் தட்டலாமே, மேடம்?" என்று கேட்டார். கதவில் சிங்க முகத்தோடு தொங்கிய பித்தளை வளையம் பளபளவென்று மின்னியது.

"நம்ம ஊர்க்காரங்க மரியாதை தெரிஞ்சவங்க. ஒருதடவை அழுத்துவாங்க. யாரும் வரலன்னா, தொந்தரவு பண்ண வேணாம்னு போயிடுவாங்க."

ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கலாமே என்றதற்கு, மேயராகப் போகிறவர் மனைவி திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்ப்பதா என்று ஹிலரி அவரையே ஒரு பார்வை பார்த்தார். பிறகு தண்ணீர் கொதிக்க வைக்கச் சமையலறைக்குப் போனார்.

ட்ரெவர் மீட்டரை வைத்துப் பார்த்தார். இருபத்துநாலு வோல்ட், குறையே இல்லை. மணிக்கு மின்சாரம் வந்துபோன நேரக் கணக்கு வீடியோவைப் போல அழிவதில்லை; அதைக் கைபேசியில் திறந்தார். ஆறு சனிக்கிழமையும் காலை 9.58க்கு மின்சாரம் போயிருக்கிறது, மதியம் 12.05க்குத் திரும்பியிருக்கிறது.

பழுதுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. ட்ரெவர் பெருமூச்சு விட்டார். யாரிடமும் சொல்லாமல் மாடிப்படிக்கு அடியில், பியூஸ் பெட்டி இருக்கும் சின்ன அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். மழைக்கோட்டுகளுக்கும் தூசு உறிஞ்சும் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். தூக்கம் கண்ணைச் சுழற்றியது.

9.58க்குக் கதவு அரை அடி திறந்தது. தங்கப் பொத்தான் வைத்த சட்டைக் கை ஒன்று அவர் தலைக்கு மேலாக நீண்டு, தடவிப் பார்க்காமலே சரியான சுவிட்சைக் கீழே தள்ளியது.

ட்ரெவர் அந்த மணிக்கட்டைப் பிடித்தார். கழுத்தில் டை, மார்பில் கட்சிச் சின்னம், முகத்தில் ரத்தமில்லை. கவுன்சிலர் ரோலண்ட்.

கோபப்படக்கூட ட்ரெவருக்குத் தெம்பில்லை. களைத்த குரலில் கேட்க வேண்டியதைக் கேட்டார். குப்பைத்தொட்டி, ரோட்டுப் பள்ளம் என்று நாலு பேர் வந்து நிற்பதற்கே இப்படி ஒளிந்துகொள்கிறவர் எதற்காக ஓட்டுக் கேட்டார்? மக்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, அந்தப் பழியை ஒரு எலக்ட்ரீஷியன் தலையில் கட்டுவது நியாயமா?

"இது என் பொழப்பு சார். மேடத்துக்கிட்ட சொல்லத்தான் போறேன்," என்று எழுந்தார்.

சமையலறையில் ஹிலரி கேக்கைப் பதினாலு துண்டாக வெட்டும் சத்தம் கேட்டது. ரோலண்ட் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு தாமும் உள்ளே வந்து, கதவை இழுத்து மூடினார். மேடைக் குரல் எங்கேயோ போயிருந்தது.

"பெல் நல்லாயிருந்தா, ஏன் ஒரு ஆள்கூட வரலன்னு அவ கேப்பாளே, ட்ரெவர்."