ஐந்தாவது மெமோ

காலை 10.20. பெரியக்காவுக்கு நான்காவது மெமோ.

கொடுத்தவள் சலவைப் பிரிவு மேற்பார்வையாளர். யாரையும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகவே பார்ப்பதால் அவளுக்குப் பெயர் கண்ணாடி.

பிடுங்கிப் படித்தவள் பட்டாசு. இஸ்திரி மெஷினில் வேலை. யாருக்கு மெமோ வந்தாலும் முதலில் வெடிப்பது அவள்தான்.

"'முப்பது கிலோ ஈரத் துணியைக் குனிந்து இழுத்தபின், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒன்பது நிமிடம் உட்கார்ந்துவிட்டார்.' ஒன்பது நிமிஷமாம்! கடிகாரத்தைப் பார்த்து எண்ணியிருக்கா பாருங்கக்கா, மகராசி!"

"விடுடி. உட்கார்ந்தது நிஜந்தானே?" தொண்டை வரை ஏறிய புளிப்பை ஒரு வாய்த் தண்ணீரில் இறக்கினாள் பெரியக்கா.

அது ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடம். மேலே நோயாளிகள், அடித்தளத்தில் அவர்களுடைய விரிப்புகள். இருபத்திரண்டு வருடமாகப் பெரியக்கா குனிந்து, மெஷினிலிருந்து ஈரத் துணியை இழுத்துத் தள்ளுவண்டியில் போடுகிறாள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் நெஞ்சு எரிந்து அடைத்தது. மாரடைப்பு என்று பயந்து பட்டாசுதான் அவளை மாடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். இதயத்தில் கோளாறில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், ஹயாட்டஸ் ஹெர்னியா என்றார்.

"பேரே வாயில நுழையலையே டாக்டர்."

"உங்க வயிறு நெஞ்சுக்குள்ள நுழைஞ்சிருக்கும்மா. அழுக்குத் துணி போடற பையில நாடா தளர்ந்தா, துணி மேல எட்டிப் பார்க்கும் இல்லையா? அப்படித்தான். நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தசைத் தடுப்பு இருக்கு. சாப்பாட்டுக் குழாய் இறங்கற ஓட்டை அதுல தளர்ந்துபோச்சு. இரைப்பையோட மேல்பாகம் அது வழியா ஏறுது, கூடவே அமிலமும் ஏறுது."

"ஆபரேஷனா?" என்றாள் பட்டாசு.

"இப்ப வேண்டாம். காலையில சாப்பிடறதுக்கு அரை மணி முன்னாடி மாத்திரை. வயிறு முட்டச் சாப்பிடாம, கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு வேளை. சாப்பிட்டு மூணு மணி நேரம் படுக்கக் கூடாது. கட்டில் தலைமாட்டை அரை அடி உயர்த்துங்க. முக்கியமா குனியறது, கனம் இழுக்கறது ரெண்டும் கூடாது. இழுத்துக்கிட்டே இருந்தீங்கன்னா ஆபரேஷன்லதான் போய் நிக்கும்."

நின்றபடியே துணி மடிக்கும் மடிப்பு மேசைக்கு மாற்றச் சொல்லிக் கடிதமும் கொடுத்தார்.

தலைமாட்டுக்குச் செங்கல் அன்றைக்கே வந்துவிட்டது. மடிப்பு மேசைதான் வரவில்லை. நிர்வாக அலுவலகம் கடிதத்தைத் திருப்பியது: காலியிடம் இல்லை. கண்ணாடி மறுபடி அனுப்பினாள். இந்த முறை காரணம்கூட எழுதாமல், முத்திரை மட்டும் குத்தித் திருப்பினார்கள்.

"அந்தக் கடிதம் இப்ப எங்க மேடம்?" கண்ணாடியிடம் கேட்டாள் பட்டாசு.

"என்கிட்ட இருக்கு."

"வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?"

"நீ போய் வேலையைப் பாரு."

அடுத்த வாரமே மெமோக்கள் ஆரம்பித்தன.

ஐந்து சேர்ந்தால் விசாரணை. நிர்வாக அலுவலரும் ஒரு டாக்டரும் உட்காருவார்கள். கோப்பில் இருக்கிற ஒவ்வொரு காகிதத்தையும் படித்தாக வேண்டும். அதுவரை விசாரணைக்குப் போன மூன்று பேரும் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள்.

ஐந்தாவது மெமோ இரண்டே நாளில் வந்தது.

"நீங்கல்லாம் ஒரு பொம்பளையா?" கூடமே திரும்பிப் பார்க்கப் பட்டாசு கத்தினாள். "உடம்பு முடியாதவங்களைத் துரத்தறதுக்கு இவ்வளவு அவசரமா?"

கண்ணாடி தன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "கையெழுத்துப் போடச் சொல்லு."

விசாரணை அறைக்கு வெளியே மருத்துவமனையே மாட்டிய பலகை ஒன்று இருந்தது. 'நெஞ்செரிச்சலா? குனியாதீர்கள், கனம் தூக்காதீர்கள்.'

"இந்த போர்டைத் துடைக்கற துணியைக்கூட எங்கக்காதான் குனிஞ்சு துவைக்கறா!" துணைக்கு வந்த பட்டாசு உள்ளே நுழையும்போதே சொன்னாள்.

"அமைதி" என்றார் நிர்வாக அலுவலர்.

மெமோக்கள் படிக்கப்பட்டன. என்ன தேதி, எத்தனை முறை குனிந்தாள், மூட்டை எத்தனை கிலோ, வலி எத்தனை நிமிடம்.

டாக்டர் நிமிர்ந்தார். "யாரு எழுதினது? எங்க வார்டுலகூட இவ்வளவு சுத்தமா எழுத மாட்டாங்களே!"

கடைசித் தாளைப் புரட்டினார். அதன் பின்னால் ஒரு கடிதம். படித்ததும் அவர் முகம் மாறியது.

"ரெண்டு மாசமாச்சு. ஏன் இவங்களை மாத்தலை?"

"எங்க பார்வைக்கே வரலையே டாக்டர்" என்றார் அலுவலர்.

"உங்க முத்திரை ரெண்டு இருக்கே?"

அலுவலர் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் காலை பெரியக்கா மடிப்பு மேசையில் நின்றாள். பத்து மணிக்கு எல்லோரும் பார்க்கச் சின்ன டப்பாவைத் திறந்து நாலு வாய் சாப்பிட்டாள்.

பட்டாசுக்குத்தான் ஆறவில்லை. நேராகக் கண்ணாடியிடம் போனாள்.

"அஞ்சு மெமோ எழுதியும் எங்கக்காவை அசைக்க முடியல பார்த்தீங்களா? எந்தப் புண்ணியவானோ கடிதத்தைக் கோப்புல வெச்சிருக்கான். நீங்க விட்டிருந்தா அது குப்பைக்குத்தான் போயிருக்கும்!"

கண்ணாடி பட்டியலை நீட்டினாள். "அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு விரிப்பு அறுபது. பதினொண்ணுக்குள்ள இஸ்திரி ஆகணும்."

"நெஞ்சுல ஈரமே கிடையாது" என்று பட்டாசு எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தாள்.

ஏப்ரல் 17 அன்று சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் மூன்று வாரத்துக்கு சஸ்பெண்ட் செய்யப்பட்டார். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த காரணம்: நிர்வாகம் நிராகரித்த மருத்துவர் கடிதத்தை விசாரணையில் படிக்கவைக்கும் நோக்கத்துடன், ஒரே ஊழியருக்கு ஐந்து மெமோக்கள் எழுதியது.